சாவியை ஒளித்து வைத்த என் மனைவி

மலை மந்திர் படிக்கட்டின் கீழே நம் தில்லித் தமிழர்கள் நான்கு பேர் கூடினால், பேச்சு முழங்கால் மூட்டில்தான் வந்து முடிகிறது. மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றே: "மறுபடி எப்போது கார் ஓட்டலாம்?" என் அனுபவம் சிலருக்காவது பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

எனக்கு வலது முழங்காலில் சிகிச்சை. பிள்ளைகள் வெளிநாட்டில், மனைவிக்குக் கார் ஓட்டத் தெரியாது. மூன்றாம் வாரமே, "பால் பூத் வரைதானே" என்று வண்டியை எடுத்தேன். காலனிச் சந்தில் ஒரு பந்து உருண்டு வந்தது. பின்னாலேயே ஒரு சிறுவன். பிரேக்கை மிதிக்க நினைத்தேன். கால் உடனே நகரவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். அவனுக்கு ஒரு முழம் தள்ளி வண்டி நின்றது. விஷயம் தெரிந்ததும் மனைவி சாவியை அரிசி டப்பாவுக்குள் போட்டுவிட்டாள்.

டாக்டர் விளக்கினார். 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 11 மீட்டர் ஓடுகிறது. பிரேக்குக்குக் கால் போக அரை நொடி தாமதமானால் 5 மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓடிவிடும். வலது முழங்கால் என்றால் 8 வாரம் பொறுக்க வேண்டும் என்றது 1994-இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு. பின்னர் வந்த ஆய்வுகள் பலருக்கு 4 வாரமே போதும் என்கின்றன. உங்கள் கணக்கை உங்கள் டாக்டர்தான் சொல்லவேண்டும். இடது முழங்கால் என்றால், கிளட்ச் இல்லாத ஆட்டோமேடிக் வண்டியைச் சற்று முன்னதாகவே ஓட்ட முடியலாம்.

டாக்டர் சம்மதித்த பிறகும் இவற்றைப் பாருங்கள்:

தூக்கம் வரவழைக்கும் வலி மாத்திரைகளை நிறுத்திவிட்டீர்களா?

பிறர் உதவியின்றி ஏறி இறங்க முடிகிறதா?

இன்ஜினை அணைத்து வைத்து, பிரேக்கைப் பத்து முறை சட்டென்று அழுத்திப் பாருங்கள். வலியோ தயக்கமோ இருந்தால் இன்னும் நாளாகவில்லை.

முதல் ஓட்டம் காலி மைதானத்தில், ஓட்டத் தெரிந்த ஒருவருடன் இருக்கட்டும்.

ஸ்கூட்டர்காரர்களுக்கு ஒரு வார்த்தை: சிக்னலில் வண்டியின் பாரத்தைக் கால் தாங்க வேண்டும்.

உடல் தகுதியில்லை என்று தெரிந்தே ஓட்டுவது, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 186-ஆம் பிரிவின்படி குற்றம். இன்ஷூரன்ஸ் கம்பெனியையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஏழாம் வாரம் டாக்டர் தலையசைத்தார். மனைவி டப்பாவைத் திறந்து சாவியை நீட்டினாள். "அந்தப் பையன் வீட்டைத் தாண்டும்போது மெதுவாப் போங்க" என்றாள். இன்றும் அப்படித்தான் போகிறேன்.