தொட்டிலும் சவப்பெட்டியும்: லண்டனில் ஒரு ஜெர்மன் குடும்பம்

19-ஆம் நூற்றாண்டுக் குடும்பங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருத்தர் இதைச் சொல்லிவிடுவார்: "அந்தக் காலத்துல நாலு பிறந்தா ரெண்டு போயிடும். பெத்தவங்களும் அதைப் பெரிசா எடுத்துக்க மாட்டாங்க." நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது கார்ல் மார்க்ஸின் மனைவி ஜென்னி எழுதிய ஒரு கடிதமும், பிற்காலத்தில் அவர் எழுதிவைத்த சிறு நினைவுக்குறிப்பும். மார்க்ஸின் அரசியலுக்குள் இங்கே நான் போகவில்லை. நாடு விட்டு வந்து, வாடகை வீட்டில் கைக்குழந்தையோடு திண்டாடிய ஒரு ஜெர்மன் குடும்பமாக மட்டும் இவர்களைப் பார்ப்போம்.

1849-இல் குடும்பம் லண்டனுக்கு வந்தது. நவம்பர் 5-ஆம் தேதி செல்சி பகுதியில் நாலாவது பிள்ளை ஹைன்ரிச் குய்டோ பிறந்தான். அன்று இங்கிலாந்தில் கை ஃபாக்ஸ் நாள். 1605-இல் வெடிமருந்து வைத்து நாடாளுமன்றத்தைத் தகர்க்கப் பார்த்தவரின் நினைவு. அதனால் வீட்டில் அவன் செல்லமாகக் குட்டிச் சதிகாரன்.

1850 மே மாதம் குடும்ப நண்பர் யோசெஃப் வைடமையருக்கு ஜென்னி எழுதிய கடிதத்தில் ஒரு நாள் அப்படியே பதிவாகியிருக்கிறது. பால் கொடுக்கச் செவிலி வைத்துக்கொள்ள வசதியில்லை. மார்பிலும் முதுகிலும் வலியோடு அவரே பால் கொடுக்கிறார். குழந்தை உறிஞ்சுகிற வேகத்தில் மார்பு புண்ணாகி ரத்தம் வருகிறது. அந்த நேரத்தில் வீட்டுக்காரம்மா வந்து 5 பவுண்டு பாக்கியைக் கேட்கிறார். கையில் காசில்லை. ஜப்தி ஆட்கள் 2 பேர் வந்து படுக்கை, துணிமணி எல்லாவற்றையும் ஜப்தியில் சேர்க்கிறார்கள். குழந்தையின் தொட்டிலும் அதில் போகிறது.

அதே ஆண்டு நவம்பர் 19-இல், சோஹோவின் டீன் தெரு வீட்டில், குய்டோ வலிப்பு வந்து இறந்தான். மார்க்ஸ் அன்றைக்கே எங்கெல்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஜென்னி அப்போது மறுபடியும் கர்ப்பமாக இருந்தார்.

1851 மார்ச் 28-இல் ஃபிரான்சிஸ்கா பிறந்தாள். நெருக்கடியான அந்த வீட்டில் வைத்து வளர்க்க முடியாது என்று அவளைச் செவிலியிடம் விட்டார்கள். அடுத்த வருஷம் ஈஸ்டர் சமயத்தில் கடுமையான மார்புச்சளி. மூணு நாள் மூச்சுக்குப் போராடி ஏப்ரல் 14-இல் போய்விட்டாள். உடலைப் பின்னறையில் கிடத்திவிட்டு, மற்றவர்கள் முன்னறையில் தரையில் படுத்துக்கொண்டார்கள். சவப்பெட்டி வாங்கக் காசில்லை. அக்கம்பக்கத்தில் இருந்த ஒரு பிரெஞ்சு அகதியிடம் ஜென்னி ஓடினார். அவர் கொடுத்த 2 பவுண்டில்தான் பெட்டி வந்தது.

இதை ஜென்னி எழுதியது 1865 வாக்கில், அதாவது ஏறக்குறைய 13 வருஷம் கழித்து. பிறந்தபோது அந்தக் குழந்தைக்கு இல்லாத தொட்டிலையும், செத்தபோது லேசில் கிடைக்காத பெட்டியையும் அவர் சேர்த்தே நினைக்கிறார். மனசுல வெச்சுக்காதவங்க 2 பவுண்டு கணக்கை அத்தனை வருஷம் ஞாபகம் வெச்சிருப்பாங்களா?

சாவு சகஜம்தான், அதை மறுக்கவில்லை. 1850-களின் இங்கிலாந்தில் பிறந்த 1000 குழந்தைகளில் ஏறக்குறைய 150 பேர் ஒரு வயசுக்குள் இறந்தார்கள். ஆனால் தேதிகளை ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். குய்டோ, ஃபிரான்சிஸ்கா ரெண்டு பேருமே முதல் பிறந்தநாள் தாண்டி ரெண்டு, மூணு வாரத்துக்குள் இறந்தவர்கள். "ஒரு வயதுக்குட்பட்ட சாவு" என்ற கணக்கில் இவர்கள் வரவே மாட்டார்கள். 1857-இல் பிறந்த உடனே, பெயர் வைப்பதற்கு முன்பே இறந்த கடைசிக் குழந்தை மட்டும்தான் வரும். 1867-இல் வந்த 'மூலதனம்' முதல் தொகுதியில் மார்க்ஸ் ஒரு வயதுக்குட்பட்ட சாவுகளை ஊர்வாரியாகக் கொடுக்கிறார். மான்செஸ்டரில் 1,00,000-க்கு 26,125. அந்த இடத்தில் தன் பிள்ளைகளைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

அதே காலத்தில் லண்டனின் வைட்சாப்பல் பகுதியில் சர்க்கரை ஆலைகளில் உழைத்த ஜெர்மன்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். தையல்காரர்களும் இருந்தார்கள். அவர்களில் பலருடைய பிள்ளைகளுக்கு, 1837-இல் தொடங்கிய பிறப்பு இறப்புப் பதிவேட்டில் உள்ள வரியைத் தவிர வேறு எதுவும் மிஞ்சவில்லை. அங்கே என்ன நடந்தது என்று சொல்ல ஒரு ஜென்னி இல்லை, அவ்வளவுதான்.

குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிறந்த தேதியும் இறந்த தேதியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், உடனே அடுத்த பெயருக்குப் போய்விடாதீர்கள். அந்த வருஷம் வீடு மாறினார்களா, தாய் அடுத்த பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாரா, வீட்டு வருமானம் என்ன என்று பாருங்கள். "அந்தக் காலத்துல சகஜம்" என்று நான் இப்போதெல்லாம் சொல்வதில்லை.