செருப்புப் போட்டு நட, தம்பி!

தை பிறந்துவிட்டால் கொங்கு வட்டாரத்துக் கிராமங்களில் கபடிக் களம் தயாராகிவிடும். பொங்கல் விளையாட்டு விழாவில் தொடங்கி மாரியம்மன் நோம்பி முடியும்வரை வாரம் ஓர் ஊரில் போட்டி நடக்கும். நோட்டீசில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு, சுழற்கோப்பை, சிறந்த ரைடருக்குத் தனிப் பரிசு என எல்லாம் இருக்கும். அடியில் சின்ன எழுத்தில் இன்னொன்றும் இருக்கும்: 'விளையாட்டில் ஏற்படும் காயங்களுக்கு விழாக் குழு பொறுப்பல்ல.' அந்தக் கடைசி வரியில் மாட்டிக்கொண்ட ஒரு தம்பியைப் பற்றியும், அவனுடைய இடது குதிகாலைப் பற்றியும் இன்று பேசலாம்.

அவனுக்கு 22 வயது. அருந்ததியர் காலனியைச் சேர்ந்தவன். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் தம்பி என்றே சொல்கிறேன். வாரத்தில் ஆறு நாள் திருப்பூர் பனியன் கம்பெனியில் பேக்கிங் வேலை. ஞாயிற்றுக்கிழமை கபடி. காலனி அணியில் நல்ல ரைடர். கபடியில் தொட்டால்தான் புள்ளி. ஊருக்குள் எட்டி நிற்கச் சொல்பவர்களும் களத்துக்குள் அவனைக் கட்டிப் பிடித்துத்தான் ஆக வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டு இவ்வளவு பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

அன்றைய ஆட்டத்தில் பாடிப் போனவனை மடக்க மூன்று பேர் வந்தார்கள். அவர்களைத் தாண்டி எகிறிக் குதித்தான். களத்துக்குள் மண் கொத்தி, தண்ணீர் தெளித்து மெத்தென்று வைத்திருந்தார்கள். கோட்டுக்கு வெளியே கட்டாந்தரை. உடம்பின் மொத்தப் பாரமும் இடது குதிகாலில் இறங்கியது.

உள்ளே நடந்தது என்ன?

குதிகால் எலும்பு பார்ப்பதற்குக் கட்டியாகத் தெரிந்தாலும், மேலே மெல்லிய ஓடும் உள்ளே பஞ்சு போன்ற எலும்பும்தான். நின்றாலும் நடந்தாலும் உடம்பின் பாரத்தை முதலில் வாங்குவது அதுதான். உயரத்திலிருந்து நேராகக் குதிகாலில் விழுந்தால், மேலே இருக்கும் எலும்பு ஆப்பு அடித்ததுபோல் இறங்கி அதை நொறுக்கிவிடும். பாதத்தின் பின்பகுதியில் உள்ள டார்சல் எலும்புகளில் அதிகம் உடைவது இந்த எலும்புதான்.

விளையாட்டில் மட்டும் இது நடப்பதில்லை. சாரத்திலிருந்து விழும் கட்டடத் தொழிலாளி, தென்னை மரத்திலிருந்து விழும் மரமேறி, லாரியிலிருந்து குதிக்கும் சுமைக்காரர் என்று பாரம் சுமக்கும் மக்களைத் தேடி வரும் முறிவு இது. உயரத்திலிருந்து விழுந்து குதிகால் உடைந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு முதுகெலும்பிலும் அடிபட்டிருக்கும் என்பது எலும்பு மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. அதனால் காலைப் பிடித்துக்கொண்டு கத்துபவரிடம், முதுகும் இடுப்பும் வலிக்கிறதா என்று கேட்க மறக்கக் கூடாது. வலித்தால் உட்கார வைக்காமல் படுத்த நிலையிலேயே 108 ஆம்புலன்சில் கொண்டுபோக வேண்டும்.

தம்பியை யாரும் அப்படிக் கொண்டுபோகவில்லை. 'சுளுக்குத்தான்' என்று களத்திலேயே எண்ணெய் போட்டு நீவினார்கள். பிறகு எலும்புக் கட்டுப் போடும் ஒருவரிடம் பைக்கில் உட்கார வைத்துக் கொண்டுபோனார்கள். அவர் மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினார். இரண்டாம் நாள் விரல்கள் மரத்துப்போய் நீலம் பூத்தன. அதற்குப் பிறகுதான் அரசு மருத்துவமனை. நல்லவேளையாக, விரல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நாட்டுக் கட்டைக் கேலி செய்வது என் நோக்கம் இல்லை. கையில் காசில்லாத காலத்தில் எங்கள் தாத்தா பாட்டிகளின் எலும்பைச் சேர்த்தவர்கள் அவர்கள்தான். ஆனால் குதிகால் உடைந்தால் பாதம் பயங்கரமாக வீங்கும். வீங்கும் காலை இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்றுபோகும். கட்டுப் போட்ட பிறகு வலி குறையாமல் கூடிக்கொண்டே போனாலும், விரல் சில்லிட்டாலும், மரத்தாலும், நிறம் மாறினாலும் அந்த நிமிடமே கட்டைத் தளர்த்திவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இது மாவுக்கட்டுக்கும் பொருந்தும்.

அதற்கு முன் களத்தில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அந்தக் காலை ஊன்ற விடக் கூடாது. நீவக் கூடாது. துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை வைக்கலாம். காலைத் தலையணை மேல் உயர்த்தி வைக்கலாம்.

ஏன் உடனே ஆபரேஷன் செய்யவில்லை?

மருத்துவமனையில் எக்ஸ்ரேயும் சிடி ஸ்கேனும் எடுத்தார்கள். எலும்பு பல துண்டாகி, மூட்டு பள்ளமாக இறங்கியிருந்தது. ஆனால் ஆபரேஷனுக்குப் பத்து நாள் காத்திருக்கச் சொன்னார்கள். 'கவர்மெண்ட் ஆஸ்பத்திரிதானே, ஏழை என்றால் இழுத்தடிக்கிறார்கள்' என்று உறவினர்கள் கொதித்தார்கள். எங்களை அலட்சியப்படுத்திய இடங்கள் அதிகம் என்பதால் அந்தச் சந்தேகம் வருவது இயல்பு.

ஆனால் இந்த முறிவில் காத்திருப்பதும் வைத்தியம்தான். குதிகால் தோலுக்கு அடியில் சதை குறைவு. வீங்கிய தோலைக் கிழித்தால் புண் ஆறாது, சீழ் பிடிக்கும். வீக்கம் வடிந்து தோலில் சுருக்கம் விழுந்த பிறகே கத்தி வைப்பார்கள். அதற்கு ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம்வரை ஆகும். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கும், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் புண் ஆறுவது இன்னும் கடினம். எல்லோருக்கும் ஆபரேஷன் தேவையில்லை. துண்டுகள் விலகாமல் இருந்தால் கட்டுப் போட்டே ஆற வைப்பார்கள்.

தம்பிக்குத் தகடும் திருகும் வைத்தார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் செலவில்லாமல் முடிந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பம் இதில் சேரலாம். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை சிகிச்சை பெறலாம். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று மூன்றும் வேண்டும். அடிபட்ட பிறகு வருமானச் சான்றுக்கு அலைவதைவிட, இந்த வாரமே உங்கள் வீட்டில் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்று மாத ஓய்வு

எலும்பு சேரக் காலைத் தரையில் ஊன்றாமல் இருக்க வேண்டும். ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம்வரை. அதற்குள் பாரம் ஏற்றினால் சேர்த்து வைத்த துண்டுகள் மறுபடி இறங்கிவிடும். மருத்துவருக்கு இது ஒரு வரி. தம்பியின் அம்மாவுக்கு அது பன்னிரண்டு சனிக்கிழமை.

"சனிக்கெழம சம்பளம் வந்தாத்தானுங்க லோனுக்குக் கட்ட முடியும். லோன்காரங்க வாசல்ல வந்து நிக்கறாங்க" என்றார் அந்த அக்கா. அவரும் தோட்ட வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டு மகனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவன் கால் உடைந்து இரண்டு பேர் கூலி நின்றது.

இங்கேதான் ஈ.எஸ்.ஐ. பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்கும் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டு. தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். உரிய ஆறு மாதத்தில் 78 நாளுக்கு இந்தப் பணம் கட்டப்பட்டிருந்தால், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். ஆண்டுக்கு 91 நாள்வரை. வேலையிடத்தில்தான் அடிபட வேண்டும் என்பதில்லை. கபடியில் உடைந்த காலுக்கும் இது பொருந்தும். மருத்துவர் கேட்பது மூன்று மாதம். சட்டம் கொடுப்பதும் மூன்று மாதம்.

தம்பிக்கு அது கிடைக்கவில்லை. நான்கு வருடம் வேலை பார்த்தவன் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. கான்ட்ராக்டர் கையில் கூலி வாங்கியதால், கம்பெனியைப் பொறுத்தவரை அவன் யாரோ. காலனியிலிருந்து கம்பெனிக்குப் போகும் பிள்ளைகள் பலருக்கும் இதே கதைதான். படித்த தம்பி தங்கைகள் ஒரு வேலை செய்யுங்கள்: உங்கள் தெருவில் கம்பெனிக்குப் போகிற ஒவ்வொருவரிடமும் ஈ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் கேட்டு வாங்குவது எப்படி என்று சங்கத்தில் விசாரியுங்கள்.

ஓய்வுக்கு இன்னொரு தடையும் இருந்தது. காலனி வீடுகளில் கழிப்பறை இருந்தாலும் அது குந்தி உட்காரும் கழிப்பறை. ஒரு கால் ஊன்ற முடியாதவன் எப்படிக் குந்துவான்? அணித் தோழர்கள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் ஓட்டை போட்டுக் கொண்டுவந்தார்கள். காலையும் மாலையும் முறை வைத்து அவனைத் தூக்கிப் போனார்கள். அந்த வாரங்களில் அவன் மானத்தைக் காப்பாற்றியது அந்த நாற்காலிதான்.

காலால் எழுதிய அ, ஆ

கட்டுப் பிரித்ததும் கால் குச்சியாக மெலிந்து, மூட்டு இறுகிப் போயிருந்தது. எலும்பு சேர்வது பாதி வேலை. மீதி பயிற்சியில்தான் இருக்கிறது. பிசியோதெரபி சொல்லித்தந்த தங்கை எளிமையாகச் சொன்னார்: "உட்கார்ந்துகொண்டு பெருவிரலால் காற்றில் அ, ஆ, இ, ஈ எழுதுங்க." உயிரெழுத்துப் பன்னிரண்டும் எழுதி முடித்தால் கணுக்கால் எல்லாப் பக்கமும் திரும்பியிருக்கும். தரையில் விரித்த துண்டை விரலால் சுருட்டி இழுப்பது இன்னொரு பயிற்சி. ஊன்றுகோலை அக்குளில் முட்டுக் கொடுக்கக் கூடாது. அக்குளுக்கும் கோலுக்கும் இடையில் இரண்டு மூன்று விரல் இடைவெளி விட்டு, பாரத்தைக் கையில் தாங்க வேண்டும்.

வாரம்தோறும் பஸ் ஏறிப் போக முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தரும் ஏற்பாடு உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். காலனி என்றால் தானாக வருவார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

நடக்க ஆரம்பித்த பிறகும் வலி இருக்கும். முழுப் பலன் தெரிய ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். பாதத்தை இடமும் வலமும் சாய்க்கும் மூட்டு குதிகால் எலும்பின் மேல்தான் இருக்கிறது. அது இறுகிவிட்டால் தார் ரோட்டில் நடப்பவர்கூட வரப்பில் தடுமாறுவார். பேருந்து நிலையத்தில் நடந்து காட்டியதை வைத்து 'சரியாகிவிட்டது' என்று யாரையும் வயல் வேலைக்கு அனுப்பிவிடாதீர்கள்.

செருப்புக்கு டாக்டர் சீட்டு

மருத்துவர் கடைசியாகச் சொன்னது இது: "இனிமே வெறுங்காலில் நடக்காதே. வீட்டுக்குள்ளயும் மெத்தென்ற செருப்புப் போட்டு நட, தம்பி." அடிபட்ட குதிகாலின் சதை மெத்தை கெட்டுப்போயிருக்கும். செருப்புதான் அதற்கு மாற்று மெத்தை.

அதைக் கேட்டதும் அந்த அம்மா எங்களைப் பார்த்தார். ரேஷன் கடைக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் போகிற வழி ஊர் வீதி. அவர் தலைமுறையில் அந்த வீதி வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்கள். இப்போது யாரும் வெளிப்படையாகத் தடுப்பதில்லை. ஆனாலும் பெரியவர்கள் இன்னும் கழற்றுகிறார்கள். பிள்ளைகள் போட்டுப் போனால் ஒரு பார்வை, ஒரு பேச்சு. இதே திருப்பூர் மாவட்டத்தில், மடத்துக்குளம் பக்கம் ராஜாவூரில் ஒரு வீதியில் பட்டியலின மக்கள் செருப்பணிந்து நடந்தது 2023 டிசம்பரில்தான்.

கிணற்றில் தண்ணீர் இறைக்கத் தோல் பறி தைத்ததும், ஊர்க் கால்களுக்குச் செருப்புத் தைத்ததும் அருந்ததியர் கைகள். அதே வீட்டுக் கால்கள் வெறுங்காலாக நடக்க வேண்டும் என்பது வழக்கமாக இருந்தது.

தம்பி செருப்புப் போட்டு, ஊன்றுகோலோடு அந்த வீதியில் நடந்தான். திண்ணையிலிருந்து ஒருவர் கேட்டார். இவன் சட்டைப் பையிலிருந்து டாக்டர் சீட்டை எடுத்துக் காட்டினான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இதை அவன் எங்களிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அடுத்த தடவை சீட்டைக் காட்டாதே" என்றேன். பொது இடத்தில் பட்டியலினத்தவர் செருப்பு அணிவதைத் தடுப்பது வன்கொடுமை என்று, 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் வந்த திருத்தம் தெளிவாகச் சொல்கிறது. 2016 ஜனவரி 26 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வருடம்வரை சிறை. செருப்புப் போட உடைந்த எலும்பு தேவையில்லை. கால் இருந்தால் போதும்.

கேட்க வேண்டியவை

எட்டு மாதம் கழித்துத் தம்பி வேலைக்குத் திரும்பிவிட்டான். நின்றுகொண்டே பார்க்கும் பேக்கிங்கை விட்டு, உட்கார்ந்து பார்க்கும் வேலை கேட்டு வாங்கியிருக்கிறான். இந்த வருடம் ரைடு போகவில்லை. காலனிச் சிறுவர்களுக்குப் பழக்கிவிடுகிறான்.

விழாக் குழுவினரிடம் நாம் கேட்பது பெரிய செலவில்லை. களத்துக்கு வெளியேயும் சில அடி தூரத்துக்கு மண்ணைக் கொத்திவிடுங்கள். ஒரு ஸ்ட்ரெச்சரும், முதலுதவி தெரிந்த ஒருவரும் இருக்கட்டும். நுழைவுக் கட்டணத்திலிருந்து ஒரு பங்கை வீரர்களின் விபத்துக் காப்பீட்டுக்கு ஒதுக்குங்கள். 'பொறுப்பல்ல' என்ற வரியை அச்சடிப்பதை நிறுத்துங்கள். இந்த ஏற்பாடு இல்லாத போட்டிக்குப் பெயர் கொடுப்பதில்லை என்று காலனி அணிகள் சேர்ந்து முடிவெடுத்தால், ஒரே பருவத்தில் மாற்றம் வரும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் தாத்தாவோ பாட்டியோ ஊர் வீதியில் செருப்பைக் கழற்றக் குனிந்தால், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கழற்றாமல் நடக்கச் சொல்லுங்கள். கூடவே நீங்களும் நடங்கள்.