காத்திருக்கத் தெரிந்த கறி

தொப்பூரில் ராத்திரிச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்பதைப் பல நாள் கணவாய்தான் முடிவு செய்கிறது. சேலத்துக்கும் தருமபுரிக்கும் நடுவே 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை மலையிறங்கும் இடம் அது. இரட்டைப் பாலத்துப் பக்கம் ஒரு லாரி கவிழ்ந்தால் போதும், வண்டிகள் கிலோமீட்டர் கணக்கில் நின்றுவிடும். சேலத்துக்கு வேலைக்குப் போனவர், தருமபுரியில் கல்லூரிக்குப் போன பிள்ளை, ஓசூரிலிருந்து லோடு ஏற்றிக்கொண்டு திரும்பும் டிரைவர் என்று ஒரு வீட்டில் நாலு பேர் இருந்தால் நாலு பேரும் நாலு நேரத்தில் வந்து சேர்கிறார்கள். இப்படிப்பட்ட வீட்டுக்கு எது சுலபமான சமையல்? பத்திரிகைகளும் யூடியூப் சேனல்களும் இருபது நிமிடத்தில் முடிகிற சமையலைக் காட்டுகின்றன. ஆனால் இருபது நிமிடத்தில் செய்தது இருபது நிமிடத்தில் ஆறியும் போகும். கடைசி ஆள் வரும்போது யாரோ ஒருவர் மறுபடி அடுப்படிக்குப் போக வேண்டும். சமையல் எவ்வளவு சீக்கிரம் முடிகிறது என்பதைவிட, நாம் பார்க்காத நேரத்திலும் கெடாமல் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பதே சுலபத்துக்குச் சரியான அளவுகோல். ஸ்லோ குக்கரில் எட்டு மணி நேரம் கிடந்து, நார் நாராகப் பிய்ந்து வரும் பன்றிக்கறி இதற்கு நல்ல சான்று.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இதற்குப் ‘புல்டு போர்க்’ என்று பேர். பன்றியின் முன்சப்பையை விறகுத் தணலில் ராப்பகலாக வாட்டி, வெந்ததும் கையால் பிய்த்து, கரோலினாப் பகுதிகளில் வினிகரும் மிளகாயும் கலந்த சாறு ஊற்றிப் பரிமாறுவார்கள். அதை வீட்டுச் சமையலறைக்குள் கொண்டுவந்தது ஒரு மின்சாரப் பாத்திரம். சிகாகோவைச் சேர்ந்த இர்விங் நாக்சன் 1936-இல் விண்ணப்பித்து 1940-இல் காப்புரிமை பெற்ற கருவி அது. ஓய்வுநாளில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால், லித்துவேனியாவின் யூதக் குடும்பங்கள் வெள்ளிக்கிழமை மாலையே பானையை ரொட்டிக்கடை அடுப்பில் வைத்துவிட்டு, மீந்த சூட்டிலேயே இரவெல்லாம் வேகவிட்ட கதையை அவருடைய அம்மா சொல்லியிருந்தார். அந்தக் கதைதான் கருவிக்கு வித்து. ரைவல் என்ற நிறுவனம் அதை வாங்கி 1971-இல் ‘கிராக்பாட்’ என்ற பெயரில் விற்றது. வேலைக்குப் போகும் பெண்கள் காலையில் வைத்துவிட்டுப் போய் மாலையில் வந்து பரிமாறலாம் என்பதே அதன் விளம்பரம். நம் நாட்டுக்கும் இந்த எண்ணம் புதிதல்ல. கல்கத்தாவில் டாக்டர் இந்துமாதவ் மல்லிக் 1910-இல் ‘இக்மிக் குக்கர்’ ஒன்றைச் செய்தார். அடியில் கரித்தணல், மேலே டிபன் கேரியர் போல அடுக்குப் பாத்திரங்கள். வைத்துவிட்டு ஆபீசுக்குப் போய் வந்தால் சோறும் பருப்பும் கறியும் நீராவியில் வெந்து தயாராக இருக்கும்.

இத்தனை மணி நேரம் எதற்கு என்பதற்கு விடை இறைச்சிக்குள்ளேயே இருக்கிறது. பன்றியின் முன்சப்பை நடந்து நடந்து உரமேறிய தசை. தசைநார்களைக் கட்டி வைத்திருப்பது கொலாஜன் என்னும் புரதம். சூடு 60 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது நார்கள் சுருங்கித் தங்களிடமுள்ள நீரைப் பிழிந்து தள்ளுகின்றன. அரைகுறையாக வெந்த கறி ரப்பர் மாதிரி இழுப்பது இதனால்தான். 70 டிகிரியைத் தாண்டியபின் கொலாஜன் மெல்ல மெல்லக் கரைந்து ஜெலட்டினாக மாறத் தொடங்குகிறது. ஆட்டுக்கால் சூப் ஆறினால் பாத்திரத்தில் உறைந்து ஆடுவது அந்த ஜெலட்டின்தான். கறித்துண்டின் நடுப்பகுதி 90 டிகிரியைத் தாண்டிச் சில மணி நேரம் அங்கேயே நின்றால் கட்டு முழுவதும் அவிழ்ந்து, நார்கள் தனித்தனியாகப் பிரிகின்றன. பிழிந்துபோன நீருக்குப் பதிலாக ஜெலட்டின் ஒவ்வொரு நாரையும் பூசி, வாயில் ஈரமாக உணரவைக்கிறது. இந்த மாற்றத்தை அவசரப்படுத்த அடுப்பைக் கூட்டினால் வெளிப்புறம் காய்ந்துபோகும், உள்ளே கட்டு அப்படியே இருக்கும். கணவாயில் சரக்கு லாரியைச் சின்ன கியரில் போட்டு இறக்குவதும், அவசரத்துக்கு நியூட்ரலில் விட்டவர்கள் என்ன ஆனார்கள் என்பதும் தொப்பூர்க்காரர்களுக்குத் தெரியும். கொலாஜன் விஷயத்திலும் கணக்கு அதேதான். கொழுப்பில்லாத முதுகுக்கறியை இப்படி வைத்தால் சக்கைதான் மிஞ்சும். எனவே கடையில் கேட்கவேண்டியது எலும்போடும் கொழுப்போடும் கூடிய முன்சப்பை. பெரும்பாலும் இதுதான் விலை குறைந்த துண்டும்கூட.

‘பிரஷர் குக்கர் இருக்கும்போது இது எதற்கு?’ என்று கேட்பது நியாயம். 1950-களின் இறுதியில் இந்திய வீடுகளுக்கு வந்த அந்தக் குக்கர் செய்த உபகாரம் கொஞ்சநஞ்சமல்ல. அழுத்தத்தால் உள்ளே நீர் ஏறக்குறைய 120 டிகிரியில் கொதிப்பதால், எட்டு மணி நேர வேலையை ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறது. எரிபொருளும் மிச்சம். ருசியில்கூடப் பெரிய குறை சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பக்கத்தில் ஆள் வேண்டும். விசிலை எண்ண வேண்டும், தணலைக் குறைக்க வேண்டும், ஆவி அடங்கும்வரை நிற்க வேண்டும். பத்து நிமிடம் தவறினால் கறி குழைந்து கூழாகும். இன்னும் கொஞ்சம் தவறினால் அடிப்பிடிக்கும். ஸ்லோ குக்கரில் எட்டு மணி நேரம் ஒன்பதானாலும் மோசமில்லை. வெந்தபின் ‘வார்ம்’ நிலைக்கு மாற்றினால் 60 டிகிரிக்கு மேலேயே இரண்டு மூன்று மணி நேரம் காத்திருக்கும். வேகத்தில் பிரஷர் குக்கரை எதுவும் வெல்லாது. தவறைப் பொறுத்துக்கொள்வதில் ஸ்லோ குக்கரை அது வெல்லாது. வீட்டுக்கு எப்போது திரும்புவோம் என்று தெரியாத நாளில் இரண்டாவது குணம்தான் உதவும்.

செய்முறையை நம் பக்கத்துக்கு மாற்றுவதும் கடினமில்லை. ஆறு பேருக்கு ஒன்றரைக் கிலோ முன்சப்பை போதும்; வெந்ததும் எடை நன்றாகக் குறையும் என்பதை மனதில் வைத்து வாங்க வேண்டும். வழக்கமாகக் குழம்புக்கு வெட்டுகிற சின்னத் துண்டுகள் இதற்கு ஆகாது. இரண்டு கைப்பிடி அளவுக்கு நாலைந்து துண்டுகளாக இருக்கட்டும். முந்தின ராத்திரியே உப்பு, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், மல்லித்தூள், இடித்த மிளகு, சீரகம், இஞ்சி பூண்டு விழுது தடவி ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். காலையில் இரும்புச் சட்டியில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, துண்டுகளை ஒவ்வொரு பக்கமும் சிவக்கச் சிவக்கப் புரட்டி எடுக்க வேண்டும். குக்கரின் அடியில் இரண்டு கைப்பிடி சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, மேலே கறி, அதன்மேல் கெட்டிப் புளிக்கரைசல் அரைக் கரண்டி, நாட்டுச்சர்க்கரை இரண்டு ஸ்பூன், தண்ணீர் ஒரு டம்ளருக்கு மேல் வேண்டாம். மூடிய பாத்திரத்தில் ஆவி அதிகம் வெளியேறாது, கறியே நிறைய நீர் விடும். கரோலினாக்காரர்கள் வினிகர் ஊற்றுவதும், குடகில் கொடம்புளியைக் காய்ச்சிக் கறுக்கவைத்த கச்சம்புளியைப் ‘பந்திக்கறி’ எனும் பன்றிக்கறியில் சேர்ப்பதும் ஒரே காரணத்துக்காக: பன்றிக்கொழுப்பின் திகட்டலைப் புளிப்புதான் முறிக்கும். புளி வியாபாரத்துக்குப் பேர்போன தருமபுரியில் அதற்கு வெளியூர்ச் சரக்கு தேவையில்லை.

‘லோ’வில் எட்டு மணி நேரம். நடுவில் மூடியைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். ஒரு தடவை திறந்தால் போன சூடு திரும்பிவரக் கால் மணி நேரத்துக்கு மேலாகும். எலும்பைப் பிடித்து இழுத்தால் சுத்தமாகக் கையோடு வந்துவிட வேண்டும். அதுதான் பதம். கறியைத் தட்டில் எடுத்து இரண்டு முள்கரண்டியால் பிய்க்கலாம். பாத்திரத்தில் மிஞ்சிய சாற்றின்மேல் மிதக்கும் கொழுப்பை வழித்து எடுத்துவிட்டு, சாற்றைக் கடாயில் ஊற்றிப் பாதியாகச் சுண்டவைத்து, பிய்த்த கறியை அதிலேயே போட்டுப் புரட்ட வேண்டும். வறுவல் மாதிரி வேண்டுமென்றால் தோசைக்கல்லில் பரப்பி ஓரம் முறுகவிடலாம். மெதுவாக வேகும் கறிக்கு மணமே வராது என்று சொல்பவர்களுக்குப் பதில் இந்த இரண்டு கட்டங்களில் இருக்கிறது. வதக்கும்போது எழும் வாசம் 140 டிகிரியை ஒட்டிய உலர்ந்த சூட்டில்தான் பிறக்கும். ஈரச் சூட்டில் பிறக்காது. ஆகவே தொடக்கத்தில் பத்து நிமிடம், முடிவில் பத்து நிமிடம் நெருப்புக்குக் கொடுத்தாக வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டு ‘போட்டால் போதும், தானாகிவிடும்’ என்று விற்கப்படும் செய்முறைகள்தான் ஸ்லோ குக்கருக்குச் சப்பென்ற பெயரை வாங்கிக்கொடுத்தன. இதற்குத் துணை ரொட்டிதான் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. கேழ்வரகு விளையும் மாவட்டம் இது. 2023-இல் ரேஷன் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு தரும் திட்டம் நீலகிரியோடு இங்கேதான் முதலில் வந்தது. சூடான களியில் குழி பறித்து இந்தக் கறியையும் சாற்றையும் விட்டால், களி விழுங்கத் தேவையான வழவழப்பை ஜெலட்டினே தந்துவிடும்.

அடுத்த கேள்வி கரண்ட் பற்றியது. நடுத்தர அளவுக் குக்கர் ‘லோ’வில் 150 முதல் 200 வாட் இழுக்கும், எட்டு மணி நேரத்துக்குச் சுமார் ஒன்றரை யூனிட் ஆகும். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமாகத் தரும் தமிழ்நாட்டில் வாரத்துக்கு ஒரு நாள் வைப்பது பில்லில் பெரிதாகத் தெரியாது. ஆள் இல்லாத வீட்டில் ஓடவிடுவதில் பயம் இருந்தால் அதுவும் சரியான பயம்தான். எர்த் உள்ள மூன்று முனை பிளக்கில் நேரடியாகச் சொருக வேண்டும், எக்ஸ்டென்ஷன் ஒயர் கூடாது, பக்கத்தில் துணியோ பேப்பரோ இருக்கக்கூடாது. உண்மையான சிக்கல் மின்தடை. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் பச்சை இறைச்சி மணிக்கணக்கில் கிடந்தால் கிருமி பெருகும். உறைந்த கறியை அப்படியே குக்கரில் போடக்கூடாது என்று சொல்வதும் அதனால்தான். பாதியில் கரண்ட் போனால், வீட்டில் ஆள் இருந்தால் உடனே அடுப்புக்கு மாற்றிவிடலாம். ஆள் இல்லாமல், எவ்வளவு நேரம் போயிருந்தது என்றே தெரியாவிட்டால் அந்தக் கறியைக் கொட்டிவிடுவது நல்லது. மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை அறிவித்த நாளில் இதைத் தொடங்கவே வேண்டாம்.

பன்றிக்கறி என்றதும் நாடாப்புழுவை நினைத்து ஒதுங்குகிறவர்கள் உண்டு. நாடாப்புழு கற்பனையல்ல; மூளையில் கட்டி உண்டாக்கி வலிப்பு வரவைக்கும் நோய்க்கும் அதற்கும் தொடர்பு உண்டு. ஆனால் தொடர்பு எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். வேகாத கறி வழியாகக் குடலுக்குள் புழு வளர்கிறது. அந்தப் புழு உள்ளவரின் மலத்திலிருக்கும் முட்டைகள் கழுவாத கை, காய்கறி, தண்ணீர் வழியாக வயிற்றுக்குள் போகும்போதுதான் மூளைக்கட்டி வருகிறது. இதனால் பன்றிக்கறியே சாப்பிடாதவருக்கும் அது வரலாம். கறியின் உட்புறம் 90 டிகிரியில் மணிக்கணக்கில் நிற்கும் சமையலில் புழுவின் எந்த நிலையும் பிழைக்காது. அவசரமாகச் செய்த வறுவலைவிட இது பாதுகாப்பானது. கொட்டகையில் தீவனம் போட்டு வளர்க்கும் வெண்பன்றியின் கறியை வாங்குவது அடுத்த காவல். யார்க்‌ஷயர் இனத்தையும் நாட்டு இனத்தையும் கலந்து தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் காட்டுப்பாக்கத்தில் உருவாக்கிய ‘தனுவாஸ் கேபிஎம் கோல்டு’ இப்படிப் பண்ணையில் வளர்ப்பதற்கான இனம்தான். காட்டுப்பன்றி என்று யாராவது ரகசியமாக விற்றால் வாங்கவே கூடாது. அதை வேட்டையாடுவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சோதனைக்கு உட்படாத இறைச்சியும்கூட.

மதத்தாலோ வீட்டு வழக்கத்தாலோ பன்றிக்கறி வேண்டாம் என்பவர்களோடு வாதாட ஒன்றுமில்லை. இதே முறை முற்றிய நாட்டுக்கோழிக்கும் ஆட்டின் முன்சப்பைக்கும் மாட்டுக்கறிக்கும் அப்படியே பொருந்தும். கோழிக்கு நேரம் குறைவு, அவ்வளவுதான். ஆனால் ‘இது நம்மவர் உணவே இல்லை’ என்பதை ஒப்புக்கொள்ள முடியாது. கண்ணப்பர் பன்றியிறைச்சியைத் தீயில் பதமாக வாட்டி, ருசி பார்த்து, காளத்தியில் இறைவனுக்குப் படைத்ததைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடியிருக்கிறார். கொங்குப் பக்கம் ஆடு, கோழி, பன்றி மூன்றையும் பலிகொடுக்கும் முப்பூசையைக் குலசாமிகள் ஏற்றுக்கொண்டுதான் இருக்கின்றன. அக்கறியை விரும்புகிறவர்கள் தயங்க வேண்டியதில்லை. விரும்பாதவர்கள் வெட்கப்பட வேண்டியதும் இல்லை.

கடைசியாகக் கணக்குப் பார்த்தால், இந்தச் சமையலுக்கு மொத்தம் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஒருவர் அடுப்படியில் நிற்கும் நேரம் முக்கால் மணிதான். பத்து விசிலில் முடிகிற குழம்புக்கும் ஏறக்குறைய அதே முக்கால் மணி நிற்க வேண்டியிருக்கிறது. அதோடு ஒவ்வொருவர் வரும்போதும் சூடுபண்ணும் வேலை வேறு. அந்த வேலை பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் தலையில்தான் விழுகிறது, ‘சுலபம்’ என்று எழுதுகிறவர்களின் கணக்கில் அது ஏறுவதே இல்லை. பருப்புக்கும் கிழங்குக்கும் பிரஷர் குக்கரே இருக்கட்டும். வாரத்தில் ஒரு நாள், யார் எப்போது வருவார்கள் என்று தெரியாத நாளில், உரமான கறியை இந்தப் பாத்திரத்திடம் ஒப்படைக்கலாம். ஸ்லோ குக்கர் வாங்க வசதியில்லாதவர்கள் கனமான மண்சட்டியை மூடி, ஆள் வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் சிம்மில் மூன்று நாலு மணி நேரம் வைத்துப் பார்க்கலாம். கொலாஜனுக்குத் தேவை சூடும் நேரமும், எந்தக் கம்பெனிப் பாத்திரம் என்பதல்ல. மூன்று மணி நேரம் நகராமல் பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டு வருகிறவர் தாமே மூடியைத் திறந்து, தாமே தட்டில் போட்டுக்கொண்டு சாப்பிட முடிந்தால், அதைத்தான் சுலபமான ராத்திரிச் சாப்பாடு என்று சொல்ல வேண்டும்.