பாவமும் மீட்பும் – 6: அடகு மீட்ட உறவினன்

சென்ற வாரம் ஏதேன் தோட்டத்தின் வாசலில் நின்றோம். அதைத் தாண்டினால் விவிலியம் பாவத்துக்குப் பல உருவங்கள் தருகிறது: முதுகில் ஏறிய சுமை, துணியில் படிந்த கறை, வழி தப்பிய ஆடு. இயேசு பேசிய அரமேய மொழியில் இன்னொன்றும் உண்டு. அங்கே பாவத்துக்கும் கடனுக்கும் ஒரே சொல்தான், 'ஹோபா'. இயேசு சீடர்களுக்குக் கற்றுத்தந்த ஜெபத்தில் மன்னிக்கச் சொல்லிக் கேட்பது 'கடன்' என்று மத்தேயுவும், 'பாவம்' என்று லூக்காவும் எழுதியிருப்பதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

கடன் முற்றினால் நிலம் போகும், பிறகு ஆளே அடிமையாகப் போவான். அப்படி விலைப்பட்டவனை நெருங்கிய உறவினன் பணம் கட்டி மீட்கலாம் என்கிறது லேவியராகமத்தின் 25-ஆம் அதிகாரம். சகோதரன், சித்தப்பன், சித்தப்பன் மகன் என்று உறவுமுறை சொல்லியே எழுதியிருக்கிறது. அந்த உறவினனுக்கு எபிரேயத்தில் 'கோயேல்' என்று பெயர். ரூத்தின் கதையில் வரும் போவாஸ் அப்படிப்பட்டவன். பெத்லகேம் ஊர் வாசலில் பத்து மூப்பர்களைச் சாட்சிக்கு உட்கார வைத்து, ரூத்தின் மாமியார் நகோமியின் குடும்ப நிலத்தை மீட்டான். அவனைவிட நெருங்கிய உறவுக்காரன் ஒருவன் இருந்தான். தன்னால் ஆகாது என்று செருப்பைக் கழற்றிக் கொடுத்து விலகிக்கொண்டான்.

இதைப் படிக்கும்போதெல்லாம் என் தாய்மாமா நினைவுக்கு வருவார். என் படிப்புக்காக அம்மாவின் சங்கிலி அடகுக்கடைக்குப் போய், வட்டி ஏறி, ஏலம் என்று கடிதமும் வந்துவிட்டது. மாமா அம்மாவை அழைத்துக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்காரர் எண் எழுதிய காகித உறையைப் பிரித்து, சங்கிலியை நிறுத்துக் காட்டினார். ரசீதில் கையெழுத்துப் போட்டது அம்மா. பணத்தை எண்ணி வைத்தது மாமா. அம்மா அங்கேயே சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். 'மீட்பர்' என்ற சொல்லை நான் கோயிலில் கேட்டதற்கு முன்பே அங்கே பார்த்துவிட்டேன்.

சரி, நம்மை மீட்க இயேசு சிலுவையில் கொடுத்த விலை யாருக்குப் போனது? சாத்தானுக்கு என்றார்கள் ஆதித்திருச்சபையின் ஆசிரியர்கள் சிலர். 1098 வாக்கில் எழுதி முடித்த நூலில் இறையியலாளர் ஆன்செல்ம் அதை மறுத்தார். திருடனுக்கு எதற்கு விலை? கடன் கடவுளுக்கே உரியது. அடைக்க வேண்டியவன் மனிதன், அடைக்க முடிந்தவர் கடவுள் மட்டுமே. ஆகவேதான் கடவுள் மனிதரானார் என்றார். கச்சிதமான வாதம். ஆனாலும் என் மனம் அதைவிட்டு மத்தேயு 18-இன் உவமைக்கே ஓடுகிறது.

அதில் ஒரு வேலைக்காரன் ராஜாவுக்குப் பட்ட கடன் 10,000 தாலந்து. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 தெனாரி. ஒரு தெனாரி ஒரு நாள் கூலி. ஆக, ஆறு கோடி நாள் கூலி! அவன் கேட்டது தவணை. ராஜா தள்ளிவிட்டதோ முழுக்கடனும். அவன் வெளியே வந்ததும், தனக்கு 100 தெனாரி தரவேண்டிய தோழனின் கழுத்தைப் பிடித்தான். தான் கெஞ்சியது போலவே தோழன் கெஞ்சியும் விடவில்லை.

மாமா அந்தப் பணத்தைப் பற்றிக் கடைசிவரை பேசவில்லை. பக்கத்து வீட்டு அக்கா எங்களுக்கு முந்நூறு ரூபாய் தரவேண்டியிருந்தது. சங்கிலி வீட்டுக்கு வந்த பிறகு, அம்மா அதைக் கேட்கவே இல்லை.

(தொடரும்)