உங்களுக்குத் தெரியுமா? ஈயக்குண்டு காட்டும் ஆழம்

கோடையில் மிச்சிகன் ஏரியின் மேல்நீர் சூடேறியதும் சினூக் சால்மன் கீழே இறங்கிவிடும். அதற்குப் பிடித்தது ஏறக்குறைய 12 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சி. நகரும் படகின் பின்னால் இழுபடும் தூண்டில் தானாக அவ்வளவு ஆழம் போகாது. எனவே நாலைந்து கிலோ ஈயக்குண்டைக் கம்பியில் கட்டி இறக்குகிறார்கள். தூண்டில் நரம்பு குண்டருகே ஒரு கவ்வியில் மாட்டப்பட்டிருக்கும். மீன் கடித்து இழுத்ததும் நரம்பு விடுபடும். அப்புறம் குண்டின் பாரமின்றி மீனோடு மட்டும் மல்லுக்கட்டலாம்.

இரை பெரும்பாலும் பளபளக்கும் உலோகத் தகடு. படகு நடைவேகத்தில்தான் போகும். படகு வளையும்போது வெளிப்பக்கத் தூண்டில் வேகமெடுக்கும், உள்பக்கத்தது தளரும். எது கடிபடுகிறதோ, அதற்கேற்ப வேகத்தைத் திருத்துவது கைதேர்ந்தவர் வழக்கம்.

இத்தனைக்கும் சினூக் இந்த ஏரியின் பூர்வீக மீனல்ல. பெருகிவிட்ட ஏல்வைஃப் மீன்களைத் தின்பதற்காக 1967-ல் மிச்சிகன் மாநிலம் விட்ட பசிபிக் இனம் அது.