சுவருக்கு வெளியே போன ஏசி

சென்னையில் 1990-களில் எந்த வீட்டில் ஏசி இருக்கிறது என்பது தெருவில் நடந்துபோகிறவருக்கே தெரிந்துவிடும். ஜன்னல் கம்பியில் ஒரு பகுதியை அறுத்தெடுத்து, மரச்சட்டம் அடித்து, அதில் பெட்டியை உட்கார வைத்திருப்பார்கள். பாதி உள்ளே, பாதி வெளியே. தண்ணீர் வெளிப்பக்கமாக வடிய வேண்டும் என்று பின்புறத்தைக் கொஞ்சம் தாழ்த்தியிருப்பார்கள். சட்டத்துக்கும் பெட்டிக்கும் நடுவே தெர்மகோல் துண்டுகள். கீழே சுவரோரம் கோடை முழுக்கக் காயாத ஒரு ஈரத் திட்டு.

அந்தப் பெட்டியைப் பராமரிப்பது வீட்டுக்குள்ளேயே நடந்த வேலை. பிறகு வந்த மாற்றங்களில் பெரியது அந்த வேலை வீட்டுக்கு வெளியே போனதுதான் என்று நினைக்கிறேன். முன்பக்க மூடியைக் கழற்றினால் ஃபில்டர் கையோடு வந்துவிடும். குழாயடியில் காட்டிக் காயவைத்து மாட்டிவிடலாம். வருடாந்திர சர்வீஸுக்கு மாசி முடியும்போதே மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். பங்குனி பிறந்துவிட்டால் ஆள் கிடைக்காது. இரண்டு பேர் வந்து, ஐம்பது கிலோவை ஒட்டிய அந்தப் பெட்டியைச் சட்டத்திலிருந்து உருவி, மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். உறையைக் கழற்றி, மோட்டாரிலும் ஒயரிங்கிலும் தண்ணீர் படாமல் பாலிதீன் சுற்றி, சோப்புக் கரைசலால் காயிலை ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் ஃபின்களின் இடுக்கைத் தேய்ப்பார்கள். கறுப்பாக வழிந்த தண்ணீர் வெளுக்கும்வரை ஊற்றுவார்கள். ஃபேன் மோட்டாருக்கு இரண்டு சொட்டு எண்ணெய். வெயிலில் உலர்த்தி, கம்ப்ரசரின் ரப்பர் புஷ்களைத் தட்டிப் பார்த்து, திரும்பவும் மாட்டுவார்கள்.

வீட்டுப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்ப்பார்கள். கம்ப்ரசர் எது, கெபாசிட்டர் எது, குளிர்கிற காயில் எந்தப் பக்கம், சுடுகிற காயில் எந்தப் பக்கம் என்று கேட்டால் மெக்கானிக் அண்ணன் திருப்புளியால் தொட்டுக் காட்டுவார். கரண்ட் போய்த் திரும்பினால் ஸ்டெபிலைசர் ஏன் மூன்று நிமிஷம் காத்திருக்கிறது என்பதற்கும் அவரிடம் பதில் இருக்கும்: உள்ளே கேஸின் அழுத்தம் இரண்டு பக்கமும் சமமாவதற்குள் கம்ப்ரசரைத் தள்ளினால் மோட்டார் திணறி எரிந்துபோகும். கம்ப்ரசர் கிளம்பும்போது வீட்டு விளக்கு ஒருமுறை மங்கும். அந்த மங்கலும் சத்தமும் கொஞ்சம் மாறினாலே ஏதோ சரியில்லை என்று வீட்டிலிருக்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும்.

மோட்டார் எரிந்துவிட்டாலும் கதை முடியாது. மூடி வெல்டிங் செய்த கம்ப்ரசரை லேத்தில் கொடுத்து அறுத்து, உள்ளே புதிதாகக் காயில் கட்டி, மறுபடி வெல்டு செய்து கொடுக்கும் பட்டறைகள் இருந்தன. இன்றும் சில இருக்கின்றன. அந்தக் கைத்திறனை நினைத்தால் எனக்கு இப்போதும் மரியாதை வருகிறது.

ஆனாலும் அந்தக் காலத்தை அப்படியே உயர்த்திப் பேச மனம் வரவில்லை. பெட்டிக்குள் இருந்தது ஆர்-22 என்ற கேஸ். கேஸை மாற்ற வேண்டுமென்றால் இருப்பதைக் காற்றில் திறந்துவிடுவதுதான் வழக்கம். ஓசோன் படலத்தை அரிக்கும் பொருள்களைக் கட்டுப்படுத்த 1987-இல் மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகும் மொட்டை மாடிகளில் அந்தச் சீறல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆர்-22 ஓசோனை அரிப்பதோடு நிற்பதில்லை. எடைக்கு எடை கரியமில வாயுவைப்போல் சுமார் 1,800 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கவும் செய்யும். மின்சாரக் கணக்கும் அப்படித்தான். கம்ப்ரசர் ஓடினால் முழு வேகம், நின்றால் பூஜ்யம். நடுவே எதுவும் கிடையாது.

பிறகு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று பெட்டி இரண்டாகப் பிரிந்த ஸ்பிளிட் வந்தது. அறைக்குள் சத்தம் அடங்கியது, ஜன்னல் திரும்பக் கிடைத்தது. மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2006-இல் தொடங்கிய நட்சத்திர முத்திரை 2010-இல் ஏசிகளுக்குக் கட்டாயமானது. தேவைக்கேற்ப வேகம் குறைத்துக்கொள்ளும் இன்வெர்ட்டர் வந்து, விளக்கு மங்குவதும் நின்றது. 2020 முதல் புது ஏசியை ஆன் செய்தால் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதி; ஒரு டிகிரி கூட்டினால் மின்சாரம் 6 சதவீதம் குறையும் என்பது அந்தப் பணியகத்தின் கணக்கு. ஆர்-22-ஐ 2030-க்குள் விலக்கியாக வேண்டும். அதன் இடத்துக்கு ஆர்-410ஏ, அதன் பின் ஆர்-32. ஆர்-32 ஓசோனைத் தொடாது, வெப்பம் பிடிப்பதும் ஆர்-22-ஐப்போல் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான். இவையெல்லாம் உண்மையான லாபங்கள்.

பராமரிப்பில்தான் சிக்கல் கூடியது. ஜன்னல் பெட்டியின் செப்புக் குழாய் முழுவதும் தொழிற்சாலையிலேயே பற்றவைத்து மூடப்பட்டது. ஸ்பிளிட்டில் உள்ளேயும் வெளியேயும் இரண்டிரண்டாக நான்கு இணைப்புகளை வீட்டுக்கு வருகிறவர்தான் போடுகிறார். குழாயின் வாயைப் புனல்போல் விரித்து நட்டு இறுக்கும் அந்த நான்கு இடங்கள் சரியாக அமைந்தால் ஏசி பல வருஷம் உழைக்கும். அவசரத்தில் போட்டால் ஒவ்வொரு கோடையிலும் கேஸ் குறையும். வாக்குவம் பம்பு வைத்துக் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் முழுக்க உறிஞ்சிய பிறகே வால்வைத் திறக்க வேண்டும். ஒரே நாளில் ஏழெட்டு வீடு முடிக்கச் சொல்லி அனுப்பப்படுகிற பையனுக்கு அந்த நேரம் கிடைப்பதில்லை.

இன்று அடிக்கடி காதில் விழும் வாக்கியம், “சார், கேஸ் கம்மியா இருக்கு.” ஏசி கேஸ் பெட்ரோல் அல்ல, ஓட ஓடத் தீர்ந்துபோவதற்கு. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைத் தேடாமல் நிரப்பினால் அடுத்த சித்திரைக்கு அதே செலவு. ஃபில்டர் அடைத்தாலும், காயிலில் அழுக்கு அப்பியிருந்தாலும் குளிர்ச்சி குறையும், காயிலில் ஐஸ்கூடக் கட்டும். கேஸ் குறைந்தாலும் அதே ஐஸ்தான். அதனால் முதலில் கழுவச் சொல்லுங்கள், அதன்பின் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள், குறைந்திருந்தால் நைட்ரஜன் ஏற்றி சோப்பு நுரை போட்டு ஓட்டையைக் காட்டச் சொல்லுங்கள். ஆர்-410ஏ, ஆர்-32 போன்றவற்றை எடை போட்டு ஏற்ற வேண்டும். குழாயைத் தொட்டுப் பார்த்துக் கைக்கணக்கில் நிரப்பிய பழைய பழக்கம் இவற்றுக்குச் சரிப்படாது.

வீட்டுக்காரர் கைக்கு இன்று மிஞ்சியிருப்பவை ஃபில்டரும் டிரெயின் குழாயும். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழுவுவது பெரிய வேலை இல்லை, ஆனால் பலரும் செய்வதில்லை. டிரெயின் குழாயில் வழுவழுவென்று பாசி படிந்து அடைத்தால் படுக்கை மேல் சொட்டத் தொடங்கும். உள் யூனிட்டின் நீளமான பிளோயர் சக்கரத்தில் கறுப்பாகப் பூஞ்சை பிடித்தால் அறையில் ஒரு முடை நாற்றம். அதற்குப் பம்பு வைத்துத்தான் அடிக்க வேண்டும். பெட்டிக்கு அடியில் பிளாஸ்டிக் பை கட்டித் தண்ணீரை வாளியில் இறக்கும் இன்றைய சர்வீஸ் அதற்காக வந்ததுதான்.

வெளி யூனிட்டில் நடப்பது பெரும்பாலான வீடுகளில் யாருக்கும் தெரியாது. பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் உப்புக் காற்று அலுமினிய ஃபின்களைச் சில வருஷத்தில் பொடிப்பொடியாக உதிர்த்துவிடும். அவ்வப்போது நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவிவிட்டால் ஆயுள் கூடும். ஆனால் கை எட்டாது. கதகதப்பைத் தேடி உள்ளே போகும் பல்லி சர்க்யூட் போர்டின் குறுக்கே படுத்து, தானும் செத்து, போர்டையும் எரித்துவிடுகிறது. அந்த போர்டைப் பழுது பார்க்கிறவர்கள் ரிச்சி தெருப் பக்கம் உண்டு. கம்பெனி ஆள் பெரும்பாலும் புது போர்டுதான் சொல்வார். வாரன்டி முடிந்திருந்தால் விலை நெஞ்சில் அடிக்கும்.

எனக்கு அதைவிட வலிப்பது வேறொன்று. மூன்றாவது, நான்காவது மாடிச் சுவரில் இரண்டு இரும்புக் கோணங்களின் மேல் வெளி யூனிட்டைத் தொங்கவிட்டிருக்கிறோம். அங்கே நிற்க இடமில்லை. சர்வீஸுக்கு வரும் பையன் ஜன்னல் வழியே கால் வைத்து, அரையடி சன்ஷேடில் ஒரு காலை ஊன்றி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மற்ற கையால் நட்டைத் திருகுகிறான். இடுப்பில் கயிறு இருப்பது அபூர்வம். அவன் கையிலிருக்கும் ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கும் தன்மை கொண்டது. அதன் அழுத்தம் ஆர்-22-ஐப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல். வாடகை வீடு மாறும்போது ஏசியைக் கழற்றுவதில் இன்னொரு அபாயம். கேஸை வெளி யூனிட்டுக்குள் இழுத்து அடைக்கும் அந்தச் சில நிமிஷங்களில் குழாய் வழியாகக் காற்று புகுந்துவிட்டால், காற்றும் கம்ப்ரசர் எண்ணெயும் சேர்ந்து நசுங்கி வெடிக்கக்கூடும். நைட்ரஜனுக்குப் பதில் கையில் கிடைத்த ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டிச் சோதித்தாலும் அப்படித்தான். ஜன்னல் பெட்டிக் காலத்தில் வீடு மாறுவதென்றால் இரண்டு பேர் தூக்கி வண்டியில் வைத்தார்கள், அவ்வளவுதான்.

ஆகவே “எவ்வளவு தம்பி ஆகும்?” என்று கேட்பதற்கு முன் “கயிறு இருக்கா தம்பி?” என்று கேட்க வேண்டும். இல்லை என்றால் அன்றைக்கு வெளி யூனிட்டைத் தொட வேண்டாம் என்று திருப்பி அனுப்ப வேண்டும். அடுக்குமாடி வாங்கப் போகிறவர்கள் மாடுலர் கிச்சனையும் கார் நிறுத்தத்தையும் பார்க்கிற அதே கவனத்தோடு, அவுட்டோர் வைக்கும் இடத்தையும் வரைபடத்தில் காட்டச் சொல்ல வேண்டும். சர்வீஸ் பால்கனி விட்டுக் கட்டுகிற கட்டடங்களும் நகரில் இருக்கின்றன. அங்கே ஒரு ஆள் இரண்டு காலையும் ஊன்றி நின்று வேலை பார்க்கிறார், வெளி யூனிட்டும் ஒழுங்காகக் கழுவப்படுகிறது. இதற்குத் தேவைப்படுவது இரண்டரை அடி அகலமும் ஒரு கைப்பிடிச் சுவரும்தான்.