சிவப்பு மை சொல்வதைக் கேளுங்கள்!



கணக்குத் தாள் கொடுத்ததும் நான் மார்க்கை மட்டும் பார்த்துட்டு மடித்து வைத்துவிட்டேன். பரப்பளவுக்கு 'செ.மீ.' என்று எழுதியிருந்தேன். டீச்சர் சிவப்பு மையில் 'சதுர செ.மீ.' என்று திருத்தியிருந்தார். அடுத்த தேர்விலும் அதே தப்பு!

ஆந்திரப் பிரதேசத்தில் 100 கிராமத்துப் பள்ளிகளில் ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். பிள்ளைகள் எதில் பின்தங்கியிருக்கிறார்கள் என்று ஆசிரியர்களுக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் ஆண்டு முடிவில், மற்ற பள்ளிகளைவிட இங்கே மார்க் கூடவில்லை! கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் இருவரும் 2010-ல் இதை வெளியிட்டார்கள்.

எனக்குத் தோன்றியது இதுதான். வலை எங்கே கிழிஞ்சிருக்குன்னு தெரிஞ்சா மட்டும் மீன் நிக்குமா? உட்கார்ந்து தைக்கணுமே!

இப்போதெல்லாம் சிவப்பு மை பட்ட கணக்கை அன்றைக்கே திரும்பப் போட்டுப் பார்க்கிறேன். நீங்களும் செய்வீர்களா?

– 9-ஆம் வகுப்பு மாணவி